குழிந்த கை

ஒத்தக்கடை நாற்சந்தி தாண்டி
யானைமலை நிழல் சாயங்காலம் வந்து விழுகிற இடத்தில்
என் பஞ்சர் கடை.
இருபது வருஷமாகக் காற்றோடுதான் பிழைப்பு.
ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
குமிழி கிளம்புகிற ஓட்டையில்
தீக்குச்சி செருகி அடையாளம் வைப்பேன்.
சோலைராசாவின் நெஞ்சிலும் குமிழிதான்.
காதை வைத்தால் கேட்கும்,
கொதிக்கத் தொடங்கும் கேப்பைக்கூழ் மாதிரி.
எங்கே செருக தீக்குச்சியை?

ஒன்பது வயது. எடை பதினாலு கிலோ.
உட்கார வைத்தால் இடப்பக்கம் சரிவான்.
பிறந்ததும் ஆறு நிமிஷம் அழவில்லை
என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது.
அந்த ஆறு நிமிஷத்துக்குள்தான்
நாங்கள் மூவரும் இன்னும் குடியிருக்கிறோம்.
இருமல் வரும், இழுத்துத் துப்பத் தெம்பு வராது.
தொண்டைவரை ஏறும் சளி
மறுபடி இறங்கிப் போய்விடும்.

பெரியாஸ்பத்திரியில் பெனாசிர் அம்மா சொன்னார்:
ஒருக்களித்துப் படுக்க வைங்க.
தலை தாழக் கூடாது, இவனுக்கு எதுக்களிக்கும்.
முதுகில் ஒரு துண்டு.
தண்டெலும்பில் படக்கூடாது,
விலாவுக்குக் கீழே போகக்கூடாது,
சாப்பிட்ட வயிற்றோடு தொடவே கூடாது.
கையைக் குழிச்சுக்கோங்க, தண்ணி அள்ளுற மாதிரி.
தட்டையா விழுந்தா அது அடி.
என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
"மணிக்கட்டைத் தளர விடுங்க" என்றார்.
ஒரு வாரம் லாரி டயரில் தட்டிப் பழகினேன்.
"என்னண்ணே, டயரைத் தூங்க வைக்கிறீங்களா?"
என்று கேட்டான் ஒரு கிளீனர் பையன்.

ஐப்பசி மழை. ராத்திரி ரெண்டு மணி.
நெபுலைசர் உறுமிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.
முத்தரசி செல்போன் வெளிச்சத்தில்
அவன் உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள்.
"நீலம் இல்ல. இன்னும் இல்ல."
ஆட்டோக்காரர் நம்பரைத் திரையில் எடுத்து
அழுத்தாமல் வைத்துக்கொண்டாள்.
நான் தட்டத் தொடங்கினேன்.
பொக். பொக். பொக்.

கதவும் தட்டியது.
மாடிக்குக் குடிவந்து நாலே நாளான
லில்லிபுஷ்பம் டீச்சர், கையில் குடை.
"வாயில்லாப் பிள்ளையைப் போட்டு இப்படி அடிக்கிறீங்களே,
மனுஷங்கதானா நீங்க?"
பதில் சொன்னால் எண்ணிக்கை விட்டுப்போகும்.
எழுபத்திரண்டு. எழுபத்து மூணு.
முத்தரசிதான் சொன்னாள்:
"உள்ள வாங்க டீச்சர். இந்தக் காலைப் பிடிங்க."

பிடித்தார்.
நைட்டி ஓரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்து பிடித்தார்.
பாதம் இத்தனை சில்லென்று இருக்கும் என்று
நினைத்திருக்க மாட்டார், இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.
ஒரு பக்கம் முடிந்து புரட்டினோம்.
அவன் மூச்சை விடும்போது மட்டும்
உள்ளங்கையைப் பதித்து நடுக்கினேன்.
பழைய கம்ப்ரசர் நிற்கும் முன் நடுங்குமே, அப்படி.

இருமினான்.
மறுபடி, வயிறு ஒட்ட, இருமினான்.
கடைவாயைத் துடைத்த துணியில்
ஊறின வெந்தய நிறத்தில் கொழகொழவென்று
ஒரு ரூபாய் அகலம்.
மூன்று பேரும் குனிந்து
வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தோம்.
"வந்துருச்சு" என்றார் டீச்சர், யாரிடமும் இல்லாமல்.
சோலைராசா சிரித்தான்.
சிரிப்பு என்றால், வலது கண் மட்டும் சுருங்கும்.
கரண்ட் வந்து நெபுலைசர் தானாக உறுமியது.
கொஞ்ச நேரம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் ஸ்பேனர் பிடிக்க விரல் நிமிரவில்லை.
டீச்சர் குடையை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார்.

ஒரு நாள் விட்டு அடுத்த ராத்திரி
கதவு மெல்லத் தட்டியது.
"இன்னிக்கு ஏன் சத்தமே காணோம்?"
"தூங்குறான் டீச்சர்."
குடையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகவில்லை.
செருப்பைக் கழற்றி, நிலைப்படியில் நின்று
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
நானும் கேட்டேன்.
கொஞ்சம் கறகறப்பு இருந்தது.
இருக்கத்தான் செய்யும்,
இன்னும் கார்த்திகை பாக்கி.